தொலைதூரத் தலைநகரங்களும் காத்தான்குடியும்



உலகில் எங்கேனும் குண்டு வெடித்த செய்தி வரும் நாளில் நம் வீடுகளில் இரண்டு விதப் பேச்சு எழுகிறது. "எல்லாம் அமெரிக்கா செய்த வேலை, இதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கல்லூரியிலிருந்து தலைகுனிந்து வரும் பிள்ளையோ, "நம் மார்க்கத்திலேயே ஏதோ கோளாறு என்கிறார்களே" என்று கேட்கிறது. இரண்டுக்கும் விடை தேடி நாம் காபூலையும் பக்தாதையும் நோக்குகிறோம். அவ்வளவு தூரம் போவதற்கு முன் பார்க்கவேண்டிய ஓர் ஊர் வங்கக் கடலுக்கு அப்பால், நம் மொழி பேசி, நம்மைப் போலவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. வல்லரசுகளின் கணக்கு எப்படி ஓர் ஊரின் கப்ருகளாக மாறுகிறது என்பதை அந்த ஊர் ஒருமுறையன்று, இருமுறை கண்டது.

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில் நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊர் காத்தான்குடி. நெசவும் வாணிபமும் செய்து வாழ்ந்த தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. அன்றிரவு மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் ஏந்தியவர்கள் உள்ளே நுழைந்து, தொழுதுகொண்டிருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டார்கள். கையெறி குண்டுகளும் வீசப்பட்டன. தந்தையோடு தொழ வந்த சிறுவர்களும் இறந்தார்கள். அந்த இரவின் ஷஹீதுகள் 147 பேர் என்று காத்தான்குடி மக்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூர்கிறார்கள். பள்ளியின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த இடங்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

செய்தது விடுதலைப் புலிகள் இயக்கம். அது மறுத்தது, தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. புலிகள் மதத்தின் பெயரால் இயங்கியவர்கள் அல்லர். இனத்தின் பெயரால், மொழியின் பெயரால் போராடியவர்கள். அப்படியானால் இதை மதம் சார்ந்த பயங்கரவாதம் என்று சொல்லலாமா என்று சிலர் வாதிடுவதுண்டு. கொன்றவரின் கொடியில் மதம் இல்லாதிருக்கலாம். கொல்லப்பட்டவர்கள் ஸுஜூதில் இருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் என்ற ஒரே அடையாளத்துக்காகவே அந்த இடமும் அந்த வேளையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. எனக்கு அது போதும்.

அந்தத் துப்பாக்கிகளை ஏந்தியவர்கள் யாரிடம் பயின்றார்கள் என்று கேட்டால், பதில் நம் ஊர்ப் பக்கம் வந்து நிற்கிறது.

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அகதிகளாக இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். தமிழகத்தின் நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் டில்லியின் கணக்கில் அந்தக் கண்ணீர் ஒரு பகுதி மட்டுமே. இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். பிரித்தானியத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஆட்கள் அவருடைய அதிரடிப் படைக்குப் பயிற்சி தந்தார்கள். 1984இல் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திற்குள் இஸ்ரேலின் நலன் பேணும் அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் அதைக் கடுமையாக எதிர்த்தும் அதிபர் செவிசாய்க்கவில்லை. திருகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும் என்ற கவலையும் இந்தியாவுக்கு இருந்தது. கொழும்பை வழிக்குக் கொண்டுவர ஒரு கோல் தேவைப்பட்டது. அந்தக் கோலாகப் போராளி இளைஞர்கள் தெரிந்தார்கள்.

1983 இறுதியிலிருந்து இந்திய உளவு அமைப்பான ரா, ஐந்து போராளி இயக்கங்களுக்குப் படைப்பயிற்சி அளித்தது. வடக்கே டேராடூன் பக்கமும், பின்னர் தமிழ்நாட்டில் மேட்டூர் அருகே கொளத்தூர், திண்டுக்கல் அருகே சிறுமலை போன்ற இடங்களிலும் முகாம்கள் நடந்தன. முதல்வர் எம்.ஜி.ஆர் புலிகளுக்கு அளித்த ஆதரவு அக்காலத்தவர் அனைவரும் அறிந்தது. அரசு தந்த பயிற்சியோடு, அரசு அறியாத ஆயுதங்களும் வந்து சேர்ந்தன. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்தில் ஏற்றி அனுப்புவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிக் குண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். அதைச் செய்தது டில்லி பயிற்றுவித்த பெரிய இயக்கங்களில் ஒன்றல்ல; தமிழ் ஈழ இராணுவம் என்ற சிறு குழு. துப்பாக்கிக்கு மரியாதை கிடைக்கும் இடத்தில் புதிய துப்பாக்கிக்காரர்கள் தாமாகவே முளைக்கிறார்கள்.

1987 ஜூலை 29 அன்று இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனுடன் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களைப் படிப்பதில்லை. திருகோணமலையை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டின் படைக்கும் தரக்கூடாது, வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களின் பணி மறுபரிசீலனை செய்யப்படவேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் படைத்துறை நோக்கத்துக்குப் பயன்படக்கூடாது என்பன அக்கடிதங்களின் பொருள். தமிழருக்கான தீர்வு ஒப்பந்தத்தில் இருந்தது. டில்லியின் மனம் கடிதங்களில் இருந்தது. கிழக்கு மாகாண முஸ்லிம்களின் தனித்த இருப்புக்கு எந்தப் பாதுகாப்பு என்ற கேள்விக்கு இரண்டிலும் தெளிவான இடம் இல்லை. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது அவர்களைக் கலந்தாலோசித்தவர் இல்லை.

அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை மூன்றே மாதத்திற்குள், தன் நாட்டு முகாம்களில் பயின்றவர்களோடு போரிட்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். பின்னர் அதிபரான பிரேமதாசா, இந்தியப் படையை வெளியேற்றும் அவசரத்தில், தன் பரம எதிரிகளான புலிகளுக்கே 1989இல் ஆயுதம் கொடுத்தார். பெரிய நாடு மட்டுமல்ல, சிறிய நாடும் இந்தச் சூதாட்டத்தை ஆடும்.

1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியப் படையணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஜூன் 11இல் போர் மீண்டும் தொடங்கியது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 12 அன்று கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டு மறைந்துபோனார்கள். ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகஸ்ட் 3 காத்தான்குடி. அடுத்த வாரம் ஏறாவூர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பல தலைமுறையாகச் சேர்த்த வீட்டையும் கடையையும் பள்ளிவாசலையும் விட்டுவிட்டு, சில நூறு ரூபாயோடு புத்தளத்தின் ஓலைக் குடிசைகளுக்குப் போனார்கள்.

அதே ஆண்டு ஜூன் 19இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் டில்லியின் ஆதரவைப் பெற்றவர்தாம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி. மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் வழியாக அந்த இடத்துக்குப் போய்வர நமக்கு அரை நாள் போதும். அந்த வழக்கு நடந்த தனி நீதிமன்றம் இன்னும் அருகில், பூந்தமல்லியில். 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டதும், மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதி செய்ததும் இப்பகுதி மக்களுக்குப் பழைய செய்தி.

காத்தான்குடியில் சுடும்படி டில்லி சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். வெளியுறவுக் கொள்கை அப்படி நேராக வேலை செய்வதில்லை. ஒரு சமூகத்தில் நியாயமான குறை உள்ளவர்கள் பலர் இருப்பார்கள்: வழக்கறிஞர், ஆசிரியர், பாராளுமன்ற உறுப்பினர், துறவி, மாணவர். வெளியிலிருந்து வரும் வல்லமையான கை அவர்களில் யாரைத் தொடுகிறதோ அவர் வளர்கிறார். அந்தக் கை தேடுவது பேசத் தெரிந்தவரையல்ல, சுடத் தெரிந்தவரை. துப்பாக்கி கிடைத்தவுடன் அவர் முதலில் தன் சமூகத்திலேயே தனக்கு மாற்றாக நிற்பவரை அழிக்கிறார். அடுத்துப் பக்கத்து வீட்டுச் சிறுபான்மையை. தொடக்க காலத்தில் ஈழ இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள் என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்புவதில்லை.

டில்லி மொழி உணர்வைக் கருவியாக எடுத்தது. அதே ஆண்டுகளில் வாஷிங்டன் எடுத்த கருவி நம் மார்க்கத்தின் சொற்கள்.

1979 ஜூலையில், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, அதிபர் கார்ட்டர் அங்குள்ள அரசின் எதிரிகளுக்கு இரகசிய உதவி தர ஒப்பமிட்டார். டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு அந்த உதவி வெள்ளமாயிற்று. பத்தாண்டுகளில் அமெரிக்கா செலவிட்டது சுமார் 300 கோடி டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். சவூதி அரசு டாலருக்கு டாலர் ஈடாகத் தந்தது. பங்கிட்டது பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ. ஆப்கானியரில் மிதமான ஆலிம்களும் பழங்குடித் தலைவர்களும் இருக்க, பெரும்பங்கு போனது மிகக் கடுமையாளரான ஹிக்மத்யாருக்கு. முன் பத்தியில் சொன்ன விதி இங்கேயும் பிசகவில்லை.

ஓர் உஸ்தாத் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது ஸ்டிங்கர் ஏவுகணை அல்ல, பாடப்புத்தகம். அமெரிக்காவின் ஒமாஹா நகரிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனத்திடமிருந்து 5 கோடி டாலருக்கு மேல் பெற்று, 1984 முதல் 1994 வரை ஆப்கான் சிறுவர்களுக்காகத் தரீ, பஷ்தூ மொழிகளில் பாடநூல்கள் தயாரித்தது. அவற்றில் ஜீம் என்ற எழுத்துக்குச் சொல் ஜிஹாத். எண்ணிக்கை கற்பிக்கப் படமாகப் போட்டவை துப்பாக்கியும் தோட்டாவும் டாங்கியும். கொல்லப்பட்ட எதிரிகளைக் கழித்துப் பார்க்கும் கணக்குகள். அகதி முகாமில் தகப்பனை இழந்து உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பிள்ளையின் கையில் இந்த நூல் வந்தது. பின்னர் ஆட்சிக்கு வந்த தாலிபான்களும் இந்தப் புத்தகங்களையே பயன்படுத்தினார்கள். உருவப்படம் கூடாது என்று மனித முகங்களை மட்டும் அழித்தார்களாம். தோட்டாக்களுக்கு ஃபத்வா தேவைப்படவில்லை. 2001க்குப் பிறகு அதே அமெரிக்க அரசு அந்தப் பக்கங்களை நீக்கிப் புது நூல் அச்சிடப் பணம் கொடுத்தது.

மக்தபில் நாம் ஜீமுக்கு ஜமல் என்று ஒட்டகத்தைக் காட்டுகிறோம். ஜிஹாதைப் பற்றிப் பேசும் இடம் அதுவல்ல. அது ஃபிக்ஹில் நிபந்தனைகளோடு வரும் பாடம்: யார் அறிவிக்கலாம், யாரைத் தொடக்கூடாது, எப்போது நிறுத்தவேண்டும். ஷாம் நோக்கிப் படை புறப்பட்டபோது கலீஃபா அபூபக்கர் (ரலி) துறவிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் பழமரங்களையும்கூடப் பெயர் சொல்லி விலக்கியது அந்தப் பாடத்தில் வரும். நிபந்தனைகளை உதறிவிட்டுச் சொல்லை மட்டும் அச்சிட்டுக் கொடுத்ததுதான் அந்த நூல்களின் குற்றம். அச்சிட்டவர்களுக்கு நம் மார்க்கம் தெரியாது, அக்கறையும் இல்லை. வாங்கிக் கொடுத்த முஸ்லிம் அரசுகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பெஷாவரில் விதைத்தது பல நாடுகளுக்குப் பரவியது என்றால், ஈராக்கில் அதற்கு ஒரு வயலே கிடைத்தது. 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் படையெடுத்தன. சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. மே மாதத்தில் நிர்வாகி பால் பிரெமர் இரண்டு ஆணைகள் பிறப்பித்தார்: ஒன்று பாத் கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கியது, மற்றது இலட்சக்கணக்கானோர் பணியாற்றிய இராணுவத்தைக் கலைத்தது. ஆயுதம் தெரிந்த, சம்பளம் இழந்த, அவமானப்பட்ட ஆண்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். 2004இல் புக்கா தடுப்பு முகாமில் இருந்தவர்களில் ஒருவர்தாம் பின்னாளில் அபூபக்கர் அல்பக்தாதி என்று தன்னை அழைத்துக்கொண்டவர். 2014 ஜூன் இறுதியில் அவருடைய கூட்டம் தன்னைக் கிலாஃபத் என்று அறிவித்தது. அந்த அமைப்பு ஈராக் படையெடுப்பின் எதிர்பாராத விளைவு என்று அதிபர் ஒபாமாவே 2015இல் ஒப்புக்கொண்டார். படையெடுத்தால் பயங்கரவாத ஆபத்து கூடும் என்று பிரித்தானிய உளவுக் குழு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததை 2016இன் சில்காட் அறிக்கை வெளிப்படுத்தியது. அது அறிந்தே ஆடிய ஆட்டம்.

இனி மீண்டும் காத்தான்குடிக்கு வருவோம். 1990க்குப் பிறகு அவ்வூர் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டது. பக்கத்துத் தமிழ் ஊரோடு இருந்த பால், மீன், நெல் உறவுகள் அறுந்தன. காயம்பட்ட ஊர் பள்ளிவாசலை இறுகப் பற்றியது. அதில் குறை காண்பதற்கில்லை. வளைகுடா வேலையும் வளைகுடாப் பணமும் வந்தன. நெடுஞ்சாலையின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நடப்பட்டன. ஈரான் புரட்சிக்கும் மக்கா முற்றுகைக்கும் பிந்திய ஆண்டுகளில் சவூதி அரசு தன் மார்க்க விளக்கத்தை உலகெங்கும் பரப்புவதை அரசாங்க வேலையாகவே செய்தது. அதுவும் ஒரு வெளியுறவுக் கொள்கைதான் என்பதை நம்மவர்கள் பேசத் தயங்குகிறோம். அந்தப் பணத்தில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாத ஆலிம்கள் என்பதும் உண்மை. ஆனால் தர்காவுக்குப் போகும் அண்டை வீட்டாரை முஷ்ரிக் என்று மேடையில் முழங்குவது அக்காலத்தில் வழக்கமாயிற்று. ஊருக்குள் சூஃபி வழியினர் தாக்கப்பட்டார்கள். ஸஹ்ரான் ஹாஷிம் வளர்ந்தது அந்த மேடையில். 2017 மார்ச்சில் சூஃபி வழியினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் பௌத்தத் தீவிரவாதக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளையும் வீடுகளையும் எரித்தபோது அவருக்குப் பேசப் பொருள் கிடைத்தது. மோசுலிலிருந்து வந்த காணொளிகள் வழியைக் காட்டின.

2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பை அடுத்த வவுணதீவில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். முன்னாள் புலிப் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். செய்தது ஸஹ்ரானின் ஆட்கள் என்று தெரிந்தது, எல்லாம் முடிந்த பிறகு. 2019 ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறை இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஒரு காலத்தில் துப்பாக்கி தந்த டில்லி இப்போது தகவல் தந்தது. கொழும்பின் ஆட்சியாளர்கள் தம்முள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்க் குழந்தைகள் பலர். காத்தான்குடியிலிருந்து அது கூப்பிடு தூரம். 29 ஆண்டுகளுக்கு முன் இறையில்லத்தில் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊரில் பிறந்தவன், பக்கத்து ஊரின் இறையில்லத்துக்கு அதே விதியை அனுப்பினான்.

நம் வீடுகளின் அந்த இரு பேச்சுக்கும் நான் சொல்லும் பதில் இதுதான். பிரெமரின் ஆணையும் பெஷாவரின் பாடநூலும் சிறுமலை முகாமும் நடந்த உண்மைகள். அவற்றை மறைத்துவிட்டு மார்க்கத்தைக் கூண்டில் ஏற்றுபவன் வரலாற்றைத் திருடுகிறான். ஆனால் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று நம்புகிற சமூகம் நாம். பக்தாதில் அமெரிக்கன் செய்த பாவத்துக்கு மட்டக்களப்பின் குழந்தை பொறுப்பல்ல. யாழ்ப்பாணத் தமிழன் பட்ட துயரத்துக்குக் காத்தான்குடியின் தொழுகையாளி பொறுப்பாகாதது போலவே. பகை கொண்ட கூட்டத்தாரிடமும் நீதி தவறக்கூடாது என்று மாயிதா அத்தியாயம் இட்ட கட்டளைக்கு வல்லரசுகள் விதிவிலக்கு வாங்கித்தர முடியாது. வாசலைத் திறந்தவனுக்கு ஒரு கணக்கு; உள்ளே நுழைந்து சுட்டவனுக்கு வேறு கணக்கு.

ஈஸ்டருக்கு முன்பே ஸஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் காவல்துறையிடம் முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, அம்பாறை மாவட்டத்தின் சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள்மீது ஐயம் கொண்டு காவல்துறைக்குச் சொன்னவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. அந்த வீட்டில் ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் குண்டுகளை வெடிக்கச் செய்து மடிந்தார்கள். தம் குழந்தைகளையும் உடன் கொன்றார்கள். தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களைத் தங்கள் மையவாடிகளில் ஏற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.